பாரப் பெட்டி இழுக்கும் உழவு இயந்திரம்
நிறுத்தும் வலுவும் கொழுவும் முறையும்

விளைந்த நெல்லையும் மரக்கறியையும் வயலிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டுசெல்லும் வேலையை முற்காலத்தில் மாட்டுவண்டி செய்துவந்தது. இன்று அவ்வேலையை உழவு இயந்திரமும் அதன் பின்னாற் கொழுவிய பெட்டியும் செய்கின்றன. பெரும்போக அறுவடை நடைபெறும் தை முதற் பங்குனி வரையான மாதங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் வீதிகளில் நெல் மூடைகள் நிறைந்த பெட்டிகள் இரவும் பகலும் செல்வதைக் காணலாம். அறுவடை இயந்திரங்கள் பரவிய பின்னர், முன்பு பல நாட்களில் ஏற்றப்பட்ட நெல் இப்பொழுது ஒரே நாளில் ஏற்றப்படுகின்றது. ஆகவே அவசரமும் பாரமும் ஒருங்கே கூடியுள்ளன.

கமக்காரர் ஒருவர் உழவு இயந்திரம் வாங்கும்போது முதலிற் கேட்பது, அது எத்தனை மூடை இழுக்கும் என்பதாகும். எத்தனை மூடையோடு அதனை நிறுத்த முடியும் என்று கேட்பவர் மிகச் சிலரே. இப்பிரசுரம் அந்த இரண்டாவது வினாவைப் பற்றியது. இந்நாட்டில் வழங்கும் இயந்திரங்கள் யாவும் தம்மால் நிறுத்த முடியாத பாரத்தைச் சமதரையில் எளிதாக இழுக்கும் வல்லமை வாய்ந்தவை. மாட்டுவண்டியில் இந்த ஆபத்து குறைவு. இறக்கத்தில் வண்டி தள்ளும்போது மாடு தானாகவே காலூன்றிக் கழுத்தாற் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இயந்திரத்துக்கு அவ்வறிவு இல்லை. அதனைச் செலுத்துபவரே முன்கூட்டி அறிந்து ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

நிறுத்துவதற்கு வேண்டிய வலு

ஒரு கணக்கைப் பார்ப்போம். 45 முதல் 50 குதிரைவலுவுள்ள நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்று ஏறக்குறைய 2,000 கிலோகிராம் நிறையுடையது. அதன் பின்னால் 1,000 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி கொழுவப்பட்டு, அதில் 60 கிலோகிராம் நெல் மூடைகள் 50 ஏற்றப்பட்டனவென்று கொள்வோம். பெட்டியும் பாரமும் சேர்ந்து 4,000 கிலோகிராம். அதாவது இயந்திரத்தின் நிறையைப் போல இரு மடங்கு. சாதாரண உழவு இயந்திரத்தின் முன்சில்லுகளுக்குப் பிறேக் இல்லை. பின்சில்லுகள் இரண்டுக்கும் மட்டுமே உண்டு. பெட்டிக்கும் பிறேக் இல்லையாயின், 6,000 கிலோகிராமையும் நிறுத்தும் வேலை அவ்விரு சில்லுகள் தரையைப் பற்றும் பிடியிலேயே தங்கியிருக்கும்.

அச்சில்லுகளின் மேல் இறங்கும் பாரம், பெட்டி முன்னால் அழுத்தும் பாரத்தையும் சேர்த்து, 1,700 கிலோகிராம் அளவிலேயே இருக்கும். காய்ந்த தார் வீதியில் ரயரின் பிடி அப்பாரத்தின் பத்தில் ஆறு பங்கு என்று எடுத்துக்கொண்டால், நிறுத்தும் வலு 1,020 கிலோகிராம் ஆகின்றது. இந்த வலுவைக் கொண்டு மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் இயந்திரத்தையும் பெட்டியையும் நிறுத்துவதற்கு 21 மீற்றர் தூரம் வேண்டும். பெட்டியின்றித் தனியே செல்லும் அதே இயந்திரம் 9 மீற்றரில் நின்றுவிடும். ஆபத்தைக் கண்டு காலை பிறேக்கில் வைப்பதற்கு ஒரு செக்கன் செல்லுமாயின், அதற்குள் மேலும் 8 மீற்றர் ஓடிவிடும் என்பதையும் இவற்றோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் சமதரைக்குரிய கணக்கு. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் தாழும் இறக்கத்தில் 6,000 கிலோகிராம் பாரம் தானாகவே 600 கிலோகிராம் வலுவோடு கீழ்நோக்கித் தள்ளும். நிறுத்துவதற்கென எஞ்சுவது 420 கிலோகிராம் மட்டுமே. தூரமோ 50 மீற்றராகக் கூடிவிடும். மழை பெய்து, வயற்சேறும் படிந்த வீதியில் ரயரின் பிடி பாதியாகக் குறைந்தால், நிறுத்தும் வலு 510 கிலோகிராம். தள்ளும் வலு 600 கிலோகிராம். இந்நிலையிற் சில்லுகள் இறுகிப் பூட்டிக்கொண்டாலும் இயந்திரம் நிற்கமாட்டாது. சறுக்கிக்கொண்டே போகும். செலுத்துபவர் எவ்வளவு தேர்ச்சியுடையவராயினும் அப்போது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பிறேக் பழுதாயிற்று என்று பின்னர் சொல்லப்படும் விபத்துக்களில் இவ்வாறான இயல்பான நிகழ்வுகளும் உண்டு. பிறேக்கிற் பழுதிராது, கணக்கிலேயே பழுது இருக்கும்.

குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை, பாலத்தின் ஏற்ற இறக்கம், வாய்க்காலைக் கடக்கும் மதகடி ஆகியவை குறுகிய இடங்களாயினும் பத்துக்கு ஒன்று என்ற அளவினும் செங்குத்தானவையாக இருப்பதுண்டு. வன்னியும் மட்டக்களப்பும் சமதரைப் பிரதேசங்களே என்று எண்ணி இக்கணக்கைத் தள்ளிவிடலாகாது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் 21 மீற்றர் ஓடி நிற்கும் அதே பாரம், 20 கிலோமீற்றர் வேகத்தில் 9 மீற்றரிற்கும் 10 மீற்றருக்கும் இடையில் நின்றுவிடும். ஆலைக்குப் பத்துக் கிலோமீற்றர் தூரமாயின், இவ்வேகக் குறைப்பினால் இழக்கும் நேரம் பத்து நிமிடமே.

நெல்லின் ஈரத்தையும் மறத்தலாகாது. களஞ்சியத்தில் வைப்பதற்கேற்ற 14 வீத ஈரத்தில் 60 கிலோகிராம் நிற்கும் நெல், அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும்போது 22 வீத ஈரத்துடன் இருக்குமாயின் 66 கிலோகிராம் நிற்கும். ஐம்பது மூடையில் இது 300 கிலோகிராம் மேலதிக பாரம். மூடையை எண்ணிப் பாரத்தைக் கணிப்பவர்கள் அறுவடைக் காலத்தில் இதனையும் சேர்த்துக் கணித்தல் நன்று.

பெட்டிக்குப் பிறேக்

மேற்கூறிய கணக்கை மாற்றக்கூடிய வழி ஒன்றே: பெட்டியின் சில்லுகளுக்கும் பிறேக் பூட்டுதல். பெட்டியின் சில்லுகளே பெட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அவையே அதை நிறுத்தவும் வேண்டும். அமெரிக்க நாட்டு விவசாயப் பொறியியல் நியமங்கள், பிறேக் இல்லாத பெட்டியின் மொத்த நிறை உழவு இயந்திரத்தின் நிறையிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது என்றும், மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தைக் கடக்கலாகாது என்றும் விதிக்கின்றன. மாரிகாலத்தில் ஈரமும் சேறும் நிறைந்த நமது வீதிகளுக்கு இவ்வெல்லையும் அதிகமே. ஏற்றிய பெட்டி இயந்திரத்தினும் பாரமாயின் பெட்டிக்குப் பிறேக் இருத்தல் வேண்டும் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமானது.

பெட்டிப் பிறேக் இரு வகைப்படும். ஒன்று தள்ளுபிறேக். இயந்திரம் வேகந் தணியும்போது பெட்டி முன்னோக்கித் தள்ளும். அத்தள்ளுதலே முன்சட்டத்திலுள்ள நெம்புகோலை அழுத்திப் பெட்டியின் பிறேக்கைப் பிடிக்கச் செய்யும். இதற்கு இயந்திரத்திலிருந்து குழாயோ கம்பியோ வேண்டியதில்லை. எனினும் பின்னோக்கிச் செலுத்தும்போது இது தானாகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், அதனைத் தடுக்கும் கொளுக்கி உண்டு. பின்னோக்கிச் செலுத்தி முடிந்தவுடன் அக்கொளுக்கியை மீண்டும் எடுத்துவிடாதவர்கள் பிறேக் இல்லாத பெட்டியையே வீதியில் இழுத்துச் செல்கின்றனர். மற்றையது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக். இது இயந்திரத்தின் பிறேக் மிதியோடு இணைக்கப்படுவது. பாரம் மிகுந்த பெட்டிகளுக்கு இதுவே சிறந்தது. பெட்டியின் பிறேக் இயந்திரத்தின் பிறேக்கிலும் சற்று முந்திப் பிடிக்குமாறு இதனைச் சீர்செய்தல் வேண்டும். முந்திப் பிடித்தால் பெட்டி பின்னிழுத்து நேராக நிற்கும். பிந்திப் பிடித்தால் முன்னே தள்ளி, இயந்திரமும் பெட்டியும் முழங்கையைப் போல் மடங்கும்.

உள்ளூரிற் செய்யப்படும் பெட்டிகளில் பழைய லொறி அச்சுகள் பூட்டப்படுவதுண்டு. அத்தகைய அச்சிற் பிறேக் டிரம் இன்னும் இருக்குமாயின், அதனை மீண்டும் இயங்கச் செய்வதற்கு ஆகும் செலவு புதிய அச்சு வாங்குவதிலும் மிகக் குறைவு. தேர்ந்த கராச்காரர் ஒருவரைக் கொண்டு இதனைச் செய்வித்துக்கொள்ளலாம். சேறும் நீரும் நிறைந்த வாய்க்காலைக் கடந்த பின்னர் எந்தப் பிறேக்கும் சிறிது நேரத்துக்குப் பிடிக்கமாட்டாது. வீதியில் ஏறியவுடன் மெதுவாகச் செலுத்திக்கொண்டே மிதியை இலேசாக அழுத்திப் பிறேக்கைக் காயச் செய்தல் வேண்டும்.

இரு மிதிகளும் ஒரு பூட்டும்

உழவு இயந்திரத்தின் இடச்சில்லுக்கு ஒரு பிறேக் மிதியும் வலச்சில்லுக்கு ஒரு பிறேக் மிதியும் தனித்தனியே இருப்பதன் காரணத்தைக் கமக்காரர் நன்கறிவர். வயலின் மூலையில் இயந்திரத்தைச் சுருங்கத் திருப்புவதற்காக அவை பிரித்து வைக்கப்பட்டுள்ளன. அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் சிறு பூட்டுத் தகடு ஒன்றும் அங்கேயே உண்டு. வீதியில் ஏறுமுன் அத்தகட்டைப் பூட்டிவிடல் வேண்டும்.

உழுது முடித்த மாலையில் பூட்டுத் தகடு திறந்தபடியே இருக்கும். அதே இயந்திரத்திற் பெட்டியைக் கொழுவி வீதிக்கு வருகின்றார். எதிரே மாடு குறுக்கிடுகின்றது. அவசரத்திற் கால் ஒரு மிதியில் மட்டும் படுகின்றது. ஒரு பக்கச் சில்லு நின்றுவிட, மறு பக்கம் ஓட, பின்னாலிருந்து 4,000 கிலோகிராம் பாரம் தள்ளுகின்றது. இயந்திரம் அந்த இடத்திலேயே சுழன்று புரண்டுவிடும். பாரமின்றிச் செல்லும்போது இதே தவறு இயந்திரத்தைச் சற்றுத் திருப்புவதோடு போய்விடும். ஆதலால் அதன் கொடுமை பலருக்குத் தெரிவதில்லை. இருபுற மிதிகளும் பூட்டப்பட்ட பின்னர், சமதரையில் மெதுவாகச் செலுத்திப் பிறேக்கை அழுத்திப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் ஒருபுறமாக இழுக்குமாயின் இரு பிறேக்குகளும் சமமாகப் பிடிக்கவில்லை என்பது பொருள். அதனைச் சீர்செய்யாமற் பெட்டியைக் கொழுவலாகாது.

முன்சில்லும் இயங்கும் வகை இயந்திரங்களில், இறக்கத்தில் முன்சில்லு இயக்கத்தை இணைத்துக்கொண்டால் பிறேக்கின் பிடி முன்சில்லுகளுக்கும் செல்லும். இது பயனுள்ள வசதி. எனினும் பெட்டியின் பிறேக்குக்கு இது ஈடாகாது.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்ளல் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதனிலும் உயர்ந்த கியரில் இறங்கலாகாது. எண்ணெயை மீதப்படுத்தும் நோக்கத்துடன் கியரை விடுத்து உருளவிடுவோர் உளர். ஒரு பாலத்தின் இறக்கத்தில் மீதமாகும் டீசல் ஒரு கரண்டியளவுகூட இராது. பாதி இறக்கத்தில் வேகம் மிகுந்தபின் மீண்டும் கியரைப் போடவும் இயலாது.

கொழுவுமிடமும் ஆணியும் சங்கிலியும்

பெட்டியை இயந்திரத்தின் இழுவைத் தகட்டிலேயே கொழுவுதல் வேண்டும். அத்தகடு பின்னச்சுக்குக் கீழே தாழ்வாக அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. தாழ்வாகக் கொழுவிய பாரம் இயந்திரத்தின் முன்பக்கத்தை மேலே தூக்க முடியாது. பெட்டியின் முன்சட்டம் உயரமாக உள்ளதென்று, மேலேயுள்ள கலப்பைத் தாங்கியிலோ, வேறு துண்டொன்றை ஒட்டவைத்து உயர்த்திய கொழுக்கியிலோ கொழுவினால், ஏற்றத்திற் கிளச்சை விடும்போது முன்சில்லுகள் தரையை விட்டெழும். இயந்திரம் பின்னோக்கிப் புரள்வதற்கு இரண்டு செக்கன் போதும். குதித்துத் தப்புவதற்கு அது போதாது. உயரம் பொருந்தாவிடின் திருத்த வேண்டியது பெட்டியின் முன்சட்டத்தையே. இயந்திரத்தின் கொழுவுமிடத்தை உயர்த்தலாகாது.

தாழக் கொழுவினாலும் பெட்டி முன்னால் அழுத்தும் பாரம் மிகுந்தால் முன்சில்லுகள் இலேசாகும். இயந்திரத்தின் சொந்த நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சில்லுகளின் மேல் எப்போதும் இருத்தல் வேண்டும். குறைந்தால் சுக்கானைத் திருப்பியும் இயந்திரம் திரும்பாது. இதற்கென முன்னாற் பூட்டப்படும் இரும்புப் பாரங்கள் விற்பனைக்கு உண்டு. முன்பாரத்துக்காக ஓர் ஆளை இயந்திரத்தின் முகப்பில் ஏற்றி இருத்தும் வழக்கம் சில இடங்களிற் காணப்படுகின்றது. அவர் வழுக்கி விழுவாராயின் விழுவது முன்சில்லின் கீழேயே.

இணைப்பாணி, இழுவைத் தகட்டின் துளைக்கும் பெட்டியின் வளையத்துக்கும் ஏற்ற பருமனுடையதாயும், அதற்கென்றே செய்யப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். கட்டடத்துக்குப் பயன்படும் முறுக்குக் கம்பியை வெட்டி ஆணியாக இட்டு ஓடும் பெட்டிகள் எத்தனையோ. அக்கம்பி சுவரைத் தாங்குவதற்குரியது. குழியில் விழுந்தெழும்போது நான்கு தொன் பாரம் திடீரென இழுக்கும் இழுப்பை அது நெடுநாட் தாங்காது. வளைந்து, வளைந்தவிடத்தில் வெடித்து, ஒருநாள் இரண்டாகும். சரியான ஆணியாயினும் நடுவே தேய்ந்து இடை மெலிந்து தோன்றினால் அதனைக் கழித்துவிடல் வேண்டும். ஆணியை மேலிருந்து கீழாகவே இட்டு, அதன் அடியிற் பூட்டூசியைக் கொழுவுதல் வேண்டும். பூட்டூசி பத்து ரூபாக் கம்பித் துண்டுபோலத் தோன்றும். அது இல்லாத ஆணி வீதிக் குழிகளில் துள்ளித் துள்ளி வெளியேறிவிடும்.

ஆணி தவறினாலும் பெட்டி பிரிந்து ஓடாதவாறு பாதுகாப்புச் சங்கிலி இரண்டு பூட்டுதல் அவசியம். ஒவ்வொன்றும் பெட்டியின் முழுப்பாரத்தையும் தாங்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். இடச் சங்கிலியை வலப்புறத்திலும் வலச் சங்கிலியை இடப்புறத்திலுமாக முன்சட்டத்தின் கீழே குறுக்கிட்டுக் கொழுவினால், ஆணி கழன்ற முன்சட்டம் தரையிற் குத்தாமல் அச்சங்கிலிகளின் மேலேயே தங்கிவிடும். திரும்பும்போது இழுபடாத அளவுக்கு மட்டும் நீளம் விட்டுக் கட்டுதல் வேண்டும். தரையில் உராயும் சங்கிலி தேய்ந்து பயனற்றதாகும். சங்கிலியின் முனையை அதே ஆணியிற் கொழுவுவோரும் உளர். ஆணி போனால் சங்கிலியும் உடன்போகும். இயந்திரத்தின் உடலிலுள்ள வேறு உறுதியான இடத்திலேயே அதனைக் கொழுவுதல் வேண்டும்.

பாரத்தை ஏற்றும் முறை

இரு சில்லுப் பெட்டியிற் பாரத்தின் பெரும்பகுதி அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும் அமைதல் வேண்டும். பெட்டியின் மொத்த நிறையிற் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை முன்சட்டத்தில் இறங்குவது பொருத்தமான அளவு. பின்னாற் பாரம் கூடினால் முன்சட்டம் மேலெழ முயலும். இழுக்கும் சில்லுகள் பிடியிழக்கும். வேகமாகச் செல்லும்போது பெட்டி நாய் வாலைப் போல் இருபுறமும் ஆடும். சிறிய பெட்டியாயின் இவ்வளவை அறிதல் எளிது. நெல் நிறுக்கும் மேடைத் தராசின் மேல் முன்சட்டத்தை, கொழுவும் உயரத்தில், ஒரு கட்டையை வைத்து இறக்கினால் தராசே சொல்லிவிடும். பெரிய பெட்டிக்கு இவ்வாறு செய்வது இயலாது. இயந்திரத்தின் முன்சில்லு ரயர்களின் தோற்றத்தைப் பாரமேற்றுமுன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழகுதல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளர்க்கு இங்கே வேறொரு கவனம் வேண்டும். கோவா, லீக்ஸ் போன்றவை இடத்தை அடைக்குமேயன்றி நெல்லைப் போற் பாரமானவை அல்ல. ஆகவே அவற்றை உயரமாக அடுக்குவது வழக்கம். உயரம் கூடியபோது பாரத்தின் மையமும் உயர்ந்து, வளைவிலும், ஒருபுறம் தாழ்ந்த பாதையிலும் பெட்டி எளிதிற் சாயும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி முதலிய பாரமானவற்றைக் கீழேயும் கோவாவை மேலேயும் ஏற்றுதல் வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகவே நடப்பதுண்டு. சந்தையில் முதலில் இறக்க வேண்டியது மேலே இருக்கட்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். வைக்கோற் பாரமும் இத்தகையதே. வாய்க்காற்கரையில் ஓரத்து மண் மழையில் ஊறியிருக்கும் காலத்திற் கரையின் நடுவிலேயே செலுத்துதல் வேண்டும்.

ரயர்களின் காற்று இருபுறமும் சமமாக இருத்தல், சில்லு நட்டுகள் இறுகியிருத்தல், அச்சின் போல்றாணிக் குண்டுகளுக்கு கிறீஸ் இடுதல் ஆகியவற்றைக் கமக்காரர் அறிவர். விரித்துக் கூற வேண்டியதில்லை.

கப் வாகனத்திற் பெட்டி இழுப்போருக்கு

சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்வோரிற் சிலர் கப் வாகனத்தின் பின்னாற் சிறு பெட்டி கொழுவிச் செல்கின்றனர். வாகனத்துடன் தரப்படும் கைந்நூலில் இழுக்கக்கூடிய பாரம் இருவகையாகக் குறிக்கப்பட்டிருக்கும். பல கப் வாகனங்களுக்குப் பிறேக் இல்லாத பெட்டி 750 கிலோகிராம் எனவும், பிறேக் உள்ள பெட்டி 2,500 கிலோகிராம் அல்லது அதற்கு மேல் எனவும் குறிக்கப்பட்டுள்ளது. இயந்திரம் ஒன்றே, இழுக்கும் வலுவும் ஒன்றே. மூன்று மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு முழுவதும் பெட்டியின் பிறேக்கினால் வந்தது. 750 கிலோகிராம் என்பது பெட்டியின் சொந்த நிறையையும் உட்படுத்தியது என்பதைக் கவனிக்குக. பெட்டி 250 கிலோகிராமாயின் ஏற்றக்கூடியது 500 கிலோகிராம் மட்டுமே.

கொழுக்கியை வாகனத்தின் அடிச்சட்டத்திற் பூட்டுவித்தல் வேண்டும்; பின்புறப் பம்பரில் ஒட்டவைத்த கொழுக்கி பாரத்துக்கு ஏற்றதன்று. குண்டு வடிவக் கொழுக்கியாயின் குண்டின் பருமனும் பெட்டியின் கிண்ணத்தின் பருமனும் ஒன்றாயிருத்தல் அவசியம். 50 மில்லிமீற்றர்க் கிண்ணத்தைச் சற்றுச் சிறிய குண்டின் மேல் வைத்தாற் பொருந்தியது போலவே தோன்றும். முதலாவது பெரிய குழியில் அது கழன்றுவிடும்.

இரு சில்லு உழவு இயந்திரத்தின் தனிக்குணம்

இரு சில்லு உழவு இயந்திரத்தை நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்றே வழங்குவர். 1950களில் இந்நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன அவர்களின் பங்களிப்போடு உருவாகி, இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் பெயர் அது. இன்று எந்நாட்டில் எவர் செய்ததாயினும் அப்பெயரே வழங்குகின்றது. அது மண்ணைக் கிளறுவதற்கென உருவானது. பெட்டி இழுப்பது அதற்குப் பின்னர் சேர்ந்த வேலை.

இவ்வியந்திரத்தின் இரு கைபிடிகளிலும் திருப்பும் கிளச்சு ஒவ்வொன்று உண்டு. சமதரையில் இடக்கிளச்சை அழுத்தினால் இடச்சில்லுக்குச் செல்லும் இயக்கம் நின்றுவிடும். வலச்சில்லு தொடர்ந்து ஓட, இயந்திரம் இடப்புறம் திரும்பும். இது கைக்குப் பழகிப்போன செயல். ஆனாற் பாரத்துடன் இறக்கத்தில் இறங்கும்போது நிலைமை முற்றிலும் மாறுகின்றது. அங்கே இயந்திரம் சில்லுகளை ஓட்டுவதில்லை, தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. பெட்டியே தள்ளுகின்றது. இந்நிலையில் இடக்கிளச்சை அழுத்தினால் இடச்சில்லு அப்பிடியிலிருந்து விடுபட்டு விரைந்தோடும். வலச்சில்லு பிடிபட்டபடியே மெதுவாகச் செல்லும். ஆகவே இயந்திரம் வலப்புறம் திரும்பும். செலுத்துபவர் எண்ணியதற்கு நேர்மாறான திசை அது. திகைத்த அவர் இடக்கிளச்சை இன்னும் இறுக அழுத்துவார்; இயந்திரம் இன்னும் வலப்புறமாகப் பாயும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் மலைச்சரிவில் மரக்கறி ஏற்றுவோரும், பாலத்திலிருந்து இறங்கும் வன்னிக் கமக்காரரும் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

ஆகவே இறக்கத்தில் திருப்பும் கிளச்சுகளைத் தொடலாகாது. இறங்குமுன் நிறுத்தி, மிகத் தாழ்ந்த கியரைப் போட்டு, பெட்டியின் கால்பிறேக்கை அளவாக அழுத்திக்கொண்டு, கைபிடியை உடல்வலுவால் தள்ளித் திருப்புதல் வேண்டும். பிரதான கிளச்சையும் இறக்கத்தில் விடுவிக்கலாகாது. விடுவித்தாற் பிடித்துநிறுத்த எஞ்சுவது பெட்டியின் கால்பிறேக் ஒன்றே. அக்காற்பிறேக் வேலை செய்யாத பெட்டிகள் ஏராளம் என்பதும் நாம் அறிந்ததே. புதிதாகப் பழகும் இளைஞருக்கு இம்மாறுதலை வெறும் பெட்டியோடு, சிறு சரிவில், பகலிற் செய்து காட்டுதல் நன்று. சொல்லக் கேட்பதாற் கை இதனைப் பழகிக்கொள்ளாது.

இரவிற் செல்லுதல்

ஏ9 வீதி போன்ற நேரான நெடுவீதிகளில் இரவிலே பின்னால் வரும் வாகனம் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லலாம். பெட்டி செல்வது 15 கிலோமீற்றர் வேகத்தில். இடைவெளி ஒவ்வொரு செக்கனுக்கும் 15 மீற்றர் குறைகின்றது. வெளிச்சமில்லாத பெட்டி 45 மீற்றர் தூரத்தில்தான் கண்ணிற் படுமாயின், பின்னால் வருபவருக்கு எஞ்சியிருப்பது மூன்று செக்கன். அதற்குள் அவர் கண்டு, அறிந்து, பிறேக் பிடித்து, விலகுதல் வேண்டும்.

பெட்டியின் பின்புறத்தில் இரு ஓரங்களிலும் சிவப்பு விளக்கும், அவற்றோடு சிவப்பு ஒளித்தெறிப்புத் தகடும் பூட்டுதல் வேண்டும். விளக்குக் கம்பி சேற்றில் அறுந்துபோனாலும் தகடு வேலை செய்யும். பெட்டியின் பக்கங்களிலும் ஒளித்தெறிப்பு நாடா ஒட்டுதல் நன்று. ஒழுங்கையிலிருந்து வீதிக்குத் திரும்பும்போது குறுக்கே நிற்பது பெட்டியின் பக்கமே. சேறு படிந்த தகட்டைப் புறப்படுமுன் துணியாற் துடைத்தல் வேண்டும். வைக்கோலோ சாக்கோ தொங்கி விளக்கை மறைக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். நடுவீதியிற் பழுதாகி நின்றுவிட்டால், வெட்டிய கிளையை மட்டும் பின்னாற் போட்டுவிட்டுப் போவது இரவிற் பயன்தராது.

பெட்டியில் ஆட்களை ஏற்றுதல்

மூடையின் மேல் அறுவடைக்கு வந்த ஆட்களையும், சிலவேளைகளிற் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வது நமது ஊர்களில் வழக்கமாகவே உள்ளது. இப்பிரசுரத்தில் இதுவரை கூறியவை யாவும் இயந்திரத்துக்கும் பாரத்துக்கும் உரியவை. ஆயினும் முதலிற் குறிப்பிட்ட பாலத்து இறக்கத்தில், ஈரமான வீதியில், நிற்காமற் சறுக்கும் பெட்டியின் உச்சியில் அமர்ந்திருப்பவர்க்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள முன்சட்டத்தின் மேல் நின்று செல்வது எல்லாவற்றிலும் கொடியது. விழுபவரின் மேற் பெட்டியின் சில்லு ஏறுமுன் செலுத்துபவருக்கு அவர் விழுந்தது தெரியவராது. ஆட்களை வேறாக அனுப்புவதற்கு வசதியில்லாவிடின், இரண்டாம் முறை சென்று வெறும் பெட்டியில், மெதுவாக, உள்ளே தளத்தில் இருக்கச் செய்து கொண்டுவருதல் வேண்டும்.

கழற்றும்போது

களத்தில் அல்லது ஆலை முற்றத்திற் பெட்டியைக் கழற்றுவதற்கு முன், அதன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைத்தல் வேண்டும். பின்னர் முன்சட்டத்தின் கீழ்த் தாங்கியை இறக்கி, பாரம் அதன்மேல் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, கடைசியிலேயே ஆணியை உருவுதல் வேண்டும். பின்பாரம் மிகுந்த பெட்டியாயின் ஆணியை உருவியவுடன் முன்சட்டம் மேலே எற்றும். குனிந்து நிற்பவரின் முகம் அதற்கு நேராகவே இருக்கும். ஆகவே மூடைகளைப் பின்புறமிருந்து இறக்கத் தொடங்கிய பின்னரே கழற்றுவது நன்று. கொழுவும்போது ஓர் ஆள் முன்சட்டத்தைப் பிடித்து நிற்க, மற்றவர் இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்துவதுண்டு. இயந்திரம் முற்றாக நிற்கும்வரை எவரும் இரண்டுக்கும் நடுவே செல்லலாகாது.

பெட்டிக்குப் பிறேக் பூட்டுவித்தல், இரு சில்லு இயந்திரத்தை இறக்கத்திற் செலுத்திப் பழகுதல் ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கற் பயிற்சி நிலையம் அநுராதபுரத்தில் உள்ளது. பெரும்போக அறுவடைக்கு முன்னர், இயந்திரம் ஓய்ந்திருக்கும் மார்கழி மாதத்தில் இவற்றைச் செய்துகொள்வது வசதியானது.